ஆகும்பேயில் ஒரு மால்குடி

1980-களில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் ‘மால்குடி டேஸ்’ தொடர் தொடங்கும்போது வரும் அந்த ஹம்மிங் இன்னும் உங்கள் காதுக்குள் இருக்கும். இசையமைத்தவர் நம்ம எல்.வைத்தியநாதன். கதைகள் சென்னையில் பிறந்த ஆர்.கே.நாராயண் எழுதியவை. தலைப்போடு வந்த கோட்டோவியங்கள் அவருடைய தம்பி ஆர்.கே.லட்சுமண் கைவண்ணம். எந்த வரைபடத்திலும் இல்லாத கற்பனை ஊரான மால்குடியை இயக்குநர் சங்கர் நாக் கண்டெடுத்தது, மழைக்குப் பேர்போன கர்நாடக மலைக்கிராமம் ஆகும்பேயில். கதைநாயகன் சுவாமியாக நடித்த சிறுவன் மஞ்சுநாத்தை மறக்க முடியுமா! படப்பிடிப்பு நடந்த ‘தொட்டமனே’, அதாவது பெரிய வீடு, இன்றும் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.