கலைச் சங்கத்தின் கணக்கை யார் கேட்கலாம்?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் கலைக்கு வரும் பணம் பெரும்பாலும் சில்லறைதான். பிள்ளைகளின் மாதக் கட்டணம், திருவிழாவில் உறுமி மேளக் குழுவுக்குக் கிடைக்கும் சன்மானம், எப்போதாவது ஒரு மானியம். நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிமின் சூத்ரா அறவாரியம் போல, வெளியிலிருந்து வந்து தோட்டப் பிள்ளைகளுக்கு நடனம் கற்றுத் தந்தவர்களும் உண்டு. உள்ளூர்ச் சங்கங்களுக்கு அப்படி ஓர் அறவாரியத்தின் வசதி கிடையாது. பொருளாளரே பகலில் வேறு வேலைக்குப் போகிறவராக இருப்பார். அதற்காகச் சட்டம் சலுகை காட்டுவதில்லை.

மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் வரவு செலவுக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் சங்கப் பதிவிலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் தந்த பணத்தையும் பொருளையும்கூடச் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து அன்பளிப்பாக வந்த மிருதங்கமும் இதில் சேரும். இதைப் பல செயலாளர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

பதிவிலாகாவின் மாதிரி விதிகள் இன்னும் கறாரானவை. காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பொறுப்பில் இல்லாத இருவரை ஆண்டுக் கூட்டமே கணக்காய்வாளர்களாக நியமிக்க வேண்டும். பொருளாளர் கையில் வைத்திருக்கும் ரொக்கத்துக்கும் வரம்பு உண்டு.

இவ்வளவு இருந்தும் கணக்கு புரியாமல் போவதற்கு முக்கியக் காரணம், சின்னச் சங்கங்கள் வெறும் வரவு செலவுப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வதுதான். ஒரு சங்கத்துக்கு டிசம்பரில் 20,000 வெள்ளி மானியம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது அடுத்த ஆண்டு அரங்கேற்றத்துக்கான பணம். டிசம்பர் 31இல் கணக்கை முடித்தால் சங்கம் செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். ஒலிபெருக்கிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியோ அந்தப் பட்டியலில் வராது, இன்னும் கொடுக்கவில்லையே! ஆகவே கையிருப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எவ்வளவு ஏற்கெனவே வேறொரு வேலைக்கென்று வாங்கியது என்பது. மானியத்தைப் பொதுவாக ‘நன்கொடை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் பதில் கிடைக்காது. அடுத்த கேள்வி சங்கடமானது: உடை தைத்தவர், பேருந்து விட்டவர், பயிற்சி கொடுத்தவர் யாருடைய உறவினர்? உறவினருக்கு வேலை கொடுப்பது குற்றமல்ல. தோட்டத்தில் தைக்கத் தெரிந்தவர் ஒருவரே இருக்கலாம். விலையையும் உறவையும் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டால் போதும்.

இந்தச் சந்தேகங்கள் வெறும் வம்பு அல்ல. 1982இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்தில் தோட்டத் தொழிலாளர்கள் உட்பட ஆயிரக்கணக்கான இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். 1990இல் அதற்கென ஒதுக்கப்பட்ட 1 கோடி டெலிகாம் பங்குகளில் 10 லட்சம் மட்டுமே மைக்காவுக்கு வந்தது என்பது 1992இல்தான் பகிரங்கமானது. 2021இல் இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் மானியங்களும் ஊழல் தடுப்பு ஆணைய விசாரணைக்கு உள்ளாயின. அந்தத் தொகைகளோடு ஒரு நடன வகுப்பை ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் அந்த நினைவோடுதான் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள்.

அவர்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு. மாதாமாதம் கட்டணம் கட்டுவதால் மட்டும் யாரும் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைக் கேட்பதும் வாக்களிப்பதும் உறுப்பினரின் உரிமை; பல சங்கங்களில் உறுப்பினர் பட்டியல் செயற்குழுவையும் சில நண்பர்களையும் தாண்டாது. மாதிரி விதிகளின்படி, தணிக்கை செய்த கணக்கின் பிரதி கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் முதலில் வாங்க வேண்டியது உறுப்பினர் விண்ணப்பப் படிவம்.