முன்கதையை முதலில் படிக்கலாமா?

கதை வெளிவந்த பின், அதற்கு முன் நடந்ததைத் தனி நூலாகச் சொல்வது முன்கதை. சி. எஸ். லூயிஸின் ஏழு நார்னியா நூல்களுள் முதலாவது 1950-இல் வந்தது. ஆறாவதாக 1955-இல் வந்த 'மந்திரவாதியின் மருமகன்' அதன் முன்கதை. சிங்கமாகிய அஸ்லான் பாடியே நார்னியாவைப் படைத்ததையும், காட்டில் விளக்குக் கம்பம் முளைத்ததையும் இதில்தான் அறிகிறோம்.

எதை முதலில் படிப்பது? 1957-இல் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் முன்கதையே முதலில் என்றான். அவன் தாயோ வெளிவந்த வரிசையே சரி என்றார். லூயிஸ் சிறுவன் பக்கம் சாய்ந்தார். ஆயினும் வரிசை அவ்வளவு முக்கியமல்ல என்றும் எழுதினார். 1994-இல் அமெரிக்கப் பதிப்பில் முன்கதைக்கு முதல் எண் தரப்பட்டது. வாசகர் பலர் இதை ஏற்கவில்லை. பனியில் தனித்தெரியும் விளக்கைக் கண்டு லூசியோடு நாமும் திகைக்க வேண்டாமா? காரணம் முன்பே தெரிந்தால் திகைப்பு ஏது?

முன்கதையின் செல்வம் வேறு. நோயுற்ற தாய்க்காகக் கனியைத் திருடும் சோதனையை டிகோரி வெல்கிறான். பின்னர் அஸ்லான் தந்த கனியால் தாய் பிழைக்கிறாள். லூயிஸோ 1908-இல், ஒன்பது வயதில், தாயை இழந்தவர்!

நற்செய்திகளுள் முதலில் எழுதப்பட்டதாக அறிஞர் பலர் கருதும் மாற்கு நற்செய்தியில் இயேசுவின் பிறப்பு இல்லை. அதை மத்தேயுவும் லூக்காவும் கூறினர். ஒருவரிடம் அன்பு கொண்ட பின்புதானே அவர் பிறந்த கதையைக் கேட்க ஆவல் பிறக்கிறது? ஆகவே தோழியரே, முன்கதையைப் பின்னரே படிப்போம்!