ஓலை ஒன்று, கோப்பு எத்தனை?

பனையோலையின் ஒரு பக்கத்தை 6,000க்கு 4,000 புள்ளி கொண்ட கேமராவில் எடுத்து, சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் 72 எம்.பி. ஆகும். 200 ஏடுள்ள கட்டு என்றால் இரு பக்கமும் சேர்த்து 400 படம், ஏறக்குறைய 29 ஜி.பி. புதுச்சேரியில் சுமார் 11,000 சைவச் சுவடிகள் உள்ளன. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பே இதில் பெரும்பகுதி. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்ற தொகுப்பு இது. இத்தனையையும் படமாக்கினால் எங்கே வைப்பது?

தரவுத்தளத்துக்குள் படத்தையும் திணித்தால் தேடலும் பேக்கப்பும் நொண்டும். நூற்பெயர், ஊர், ஏட்டு எண், படக் கோப்பின் பெயர் ஆகியவை மட்டும் அங்கே இருக்கட்டும். படத்துக்குத் தனிக் கிடங்கு. கிடங்கில் கோப்புக்குப் பெயர் வைப்பது மனிதர் அல்ல. (நாம் வைத்தால் 'புதுசு', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று போகும்.) கோப்பின் பைட்டுகளை எஸ்.எச்.ஏ.-256 கணக்கில் போட்டால் வரும் 64 எழுத்துதான் பெயர். அதே கோப்பை இன்னொருவர் மறுபடி ஏற்றினாலும் அதே பெயர்தான் வரும். எனவே இரண்டாவது பிரதி சேராது. அப்பாச்சி ஜாக்ராபிட் போன்ற மென்பொருள்கள் பெரிய கோப்புகளை இப்படித்தான் வைக்கின்றன.

சிக்கல் வேறிடத்தில். டிஃப் கோப்புக்குள்ளேயே ஊர்ப்பெயரும் எழுதியிருக்கிறது. 'மேல்சித்தாமூர்' என்பதில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும், பெயர் அடியோடு மாறி இன்னொரு 72 எம்.பி. குந்திவிடும். உ.வே.சா. பதிப்புகளில் மூலம் ஒருமுறைதான் அச்சாகியிருக்கும், மற்றப் பிரதிகளின் வேறுபாடு மட்டும் '(பி-ம்.)' என்று அடிக்குறிப்பில் வரும். கணினியும் அதையே செய்யலாம்: கோப்பைத் துண்டுகளாக்கி, மாறிய துண்டை மட்டும் சேமிக்கலாம். ஆனால் நாலு எம்.பி.க்கு ஒரு வெட்டு என்று அளந்து வெட்டக் கூடாது. முன்னால் பத்து பைட் நுழைந்தாலே பின்னாலுள்ள எல்லாத் துண்டும் நகர்ந்து 'புதிய' துண்டாகிவிடும். அதனால் பைட்டுகளின் ஓட்டத்தில் குறிப்பிட்ட ஓர் அமைப்பு தென்படும் இடமாகப் பார்த்து வெட்டுகிறார்கள். இதைவிட எளிய வழி, ஊர்ப்பெயரைப் படத்துக்குள் எழுதாமலே இருப்பது. நான் இந்தக் கட்சி.

ஒரே ஓலையை இருமுறை படமெடுத்தால் துண்டாக்கும் வித்தையும் எடுபடாது. கண்ணுக்கு ஒன்றேபோல் இருந்தாலும் சென்சாரின் இரைச்சல் ஒவ்வொரு புள்ளியையும் சற்றே மாற்றிவிடும். அங்கே இழப்பில்லாச் சுருக்கம்தான் கதி.

பிரதிகளை ஒழித்தபின் கிடங்கில் இருப்பது ஒன்றே ஒன்று. அது இருக்கும் ஹார்ட் டிஸ்க் போனால், அதைச் சுட்டிய எல்லாப் பதிவும் வெறும் பெயர்தான். 2024 ஃபெஞ்சல் புயலில் திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை, புதுச்சேரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. எனவே இன்னொரு பிரதிக்கான இரண்டாவது சர்வரை இதே வட்டாரத்தில் வைத்துப் பயனில்லை. கோவையிலோ ஹைதராபாத்திலோ வைத்து, அவ்வப்போது 64 எழுத்தை மறுபடி கணக்கிட்டு, கோப்பின் பெயரோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒத்துவராத கோப்பை மட்டும் முதல் கிடங்கிலிருந்து மறுபடி அனுப்பினால் போதும்.