மணியோசை கேட்காத இரவுகள்

மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டை வளாகத் தோட்டத்தில் ராஜாபாய் மணிக்கூண்டு நிற்கிறது. எதிரே ஓவல் மைதானம். 280 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் அடிக்கல் 1869 மார்ச் 1 அன்று நாட்டப்பட்டது. 1878 நவம்பரில் பணி நிறைவுற்றது. வரைபடம் தந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பொருள் தந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பருத்தி வணிகர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் பருத்திச் சந்தை சரிந்தபோது அவருடைய செல்வமும் சரிந்தது. எனினும் கோபுரம் எழுந்தது. அவர் விரும்பியபடி அவருடைய தாயார் ராஜாபாயின் பெயரையும் பெற்றது.

கோபுரத்தினுள் 16 மணிகள் உள்ளன. ஒரு காலத்தில் அவை 16 இசைமெட்டுகளை மாற்றி மாற்றி ஒலித்தன. இசை வல்லுநர்களின் கணக்கில் குறைந்தது 23 மணிகள் இருந்தால்தான் ‘கரியோன்’ என்னும் பெயர் பொருந்தும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் போக் தோட்டத்துக் கோபுரத்தில் 60 மணிகள் இருக்கின்றன. ஆனால் மணிகளின் எண்ணிக்கையைவிட, ராஜாபாய் அம்மையாரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தியே மருத்துவர்களாகிய எங்களுக்கு முதன்மையானது. அவருக்குக் கண்பார்வை இல்லையாம். சமண நெறியில் நின்றவராதலால் பொழுது சாயும் முன் உணவு முடிக்க வேண்டும். யாரையும் கேளாமல் அந்த நேரத்தை அறிய மாலை மணியோசை அவருக்குத் துணையானதாம்.

பிறரைக் கேளாமல் நேரம் அறிவது எத்தனை பெரிய தன்மானம் என்பதை எங்கள் வார்டுகளில் நாள்தோறும் காண்கிறோம்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் தொழிற்சாலைச் சங்குதான் நெடுங்காலம் கடிகாரமாக இருந்தது. சங்கு ஊதினால் ஷிஃப்ட் தொடங்கும். மறுபடி ஊதினால் வீடு. ராயபுரத்தில் மாதா கோயில் மணியும் துறைமுகக் கப்பல்களின் ஒலியும் அந்தப் பணியைச் செய்தன. இவற்றைக் கேட்டே வளர்ந்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்து எங்களிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெரியவர் நுரையீரல் அழற்சியுடன் சேர்ந்தார். பகலில் தெளிவாகப் பேசியவர், இரண்டாம் நாள் இரவு குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கிவிட்டு எழுந்து நின்றார். “சங்கு ஊதிடுச்சு, கேட் சாத்திடுவாங்க” என்றார். உடனிருந்த மருமகள், “மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா டாக்டர்?” என்று அழுதார்.

அது பைத்தியம் அன்று. டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். காய்ச்சல், கிருமித்தொற்று, நீரிழப்பு, உப்புச்சத்துக் குறைவு, சில மருந்துகள், அறுவைச் சிகிச்சை, தூக்கமின்மை ஆகியவற்றில் எதுவும் முதிய மூளையை இந்நிலைக்குத் தள்ளக்கூடும். சில மணி நேரத்தில் தொடங்கும். ஒரே நாளில் கூடும், குறையும். சிலர் கூச்சலிடுவார்கள். வேறு சிலரோ பேச்சின்றிச் சோர்ந்து கிடப்பார்கள். “அப்பா நன்றாகத் தூங்குகிறார்” என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும். எங்களை அதிகம் அஞ்சவைப்பது இந்த இரண்டாம் வகைதான், ஏனெனில் கண்ணில் படாமல் போய்விடும்.

அந்தப் பெரியவருக்கு இன்னொரு இடர் இருந்தது. முப்பது ஆண்டுகள் இரைச்சலான இயந்திரங்களின் அருகே நின்றவர். தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசை விழுந்தால், உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் காலப்போக்கில் அழிகின்றன. அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதி. தாழ்ந்த சுருதி நெடுநாள் தங்கும். பெரிய வெண்கல மணியின் ஓசை முதியவர்களுக்கும் எட்டுவது இதனால்தான்: செம்பு நான்கு பங்கும் தகரம் ஒரு பங்கும் சேர்ந்த அவ்வுலோகத்தை அடித்ததும் பல சுரங்கள் ஒன்றாக எழுகின்றன, அவற்றுள் மிகத் தாழ்ந்த ரீங்காரமே கடைசிவரை நிற்கிறது. பேச்சு அப்படியில்லை. உயிரெழுத்துகள் தாழ்சுருதியில் கேட்டுவிடும், வல்லினங்கள் நழுவிவிடும். ‘பல்’, ‘கல்’, ‘சொல்’ எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். ஆகவே கத்திப் பேசுவதால் பயனில்லை. அவர் முகத்துக்கு நேரே அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் ஒரே விளக்கு. ஜன்னல் தெரியாது. மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் “தொலைந்துவிடும்” என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். (அந்த அறிவுரையை எங்களில் சிலரும் முன்பு சொன்னதுண்டு, இப்போது சொல்வதில்லை.) கண்ணும் காதும் பொழுதும் இல்லாத மூளை, தனக்குத் தெரிந்த பழைய சங்கொலியைத் தானே எழுப்பிக்கொள்கிறது.

1999இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகள் இடம்பெற்றனர். நாளும் இடமும் நினைவூட்டுதல், இரவில் இடையூறின்றித் தூங்கவிடுதல், எழுப்பி நடக்கவைத்தல், கண்ணாடி, செவிக்கருவி, போதிய நீர் ஆகியவற்றைக் கவனித்த பிரிவில் 10 விழுக்காட்டினருக்கே டெலிரியம் வந்தது. மற்றப் பிரிவில் 15 விழுக்காட்டினருக்கு. புதிய மருந்து எதுவும் இல்லை.

எங்கள் பெரியவருக்குத் தொற்றுக்கான ஊசி தொடர்ந்தது. மறுநாள் மகன் கண்ணாடியோடு, பெரிய எண்கள் கொண்ட கடிகாரம் ஒன்றையும் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிவந்தார். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினோம். மருமகள் காலை, மாலை வரும்போதெல்லாம், “மாமா, இன்னைக்குப் புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் இருக்கீங்க, சளி குறைஞ்சிடுச்சு” என்றார். மூன்றாம் நாள் அவரே கடிகாரத்தைப் பார்த்து, “காபி இன்னும் வரலியா?” என்று கேட்டார்.

எல்லோரும் இவ்வளவு விரைவாகத் தெளிவதில்லை. சிலருக்கு வாரங்கள் ஆகும், முன்பே ஞாபகமறதி உள்ளவர்களுக்கு அதைவிடவும் கூடும். அவர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நேற்றுவரை இல்லாத உளறலோ, அளவுக்கு மீறிய உறக்கமோ கண்டால் அன்றே செவிலியரிடம் தெரிவியுங்கள். நள்ளிரவானாலும் எழுப்புங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.