வெயிலுக்குக் கெட்டி ஆயிலா?

சாலையும் சக்கரமும் – 9

மார்ச் பிறந்துவிட்டால் ஓசூர் பட்டறைகளில் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணா, வெயில் வந்துடுச்சு. இருபது நாப்பதே ஊத்திடவா?" அதாவது 20டபிள்யூ40. பைக்கோடு வந்த கையேட்டிலோ 10டபிள்யூ30 என்று அச்சிட்டிருக்கும். மெக்கானிக் இரண்டு ஆயிலையும் விரலில் தொட்டுத் தேய்த்துக் காட்டுவார். ஒன்று தண்ணீராக ஓடும், மற்றது பிசுக்கென்று நிற்கும். நாமும் தலையாட்டிவிடுவோம்.

விரல் பார்ப்பது 30 டிகிரி ஆயிலை. ஓடுகிற இன்ஜினுக்குள் அது 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. ஆயிலின் கெட்டித்தன்மையை வகுக்கும் எஸ்ஏஇ தரத்தில் இரண்டாவது எண்ணை 100 டிகிரியில் அளப்பது அதனால்தான். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்; 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. உள்ளே இருக்கும் இடைவெளிகளை இன்ஜின் செய்தவர் இந்தக் கணக்கை வைத்துத்தான் அமைத்திருக்கிறார்.

முதல் எண் குளிருக்கானது. 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூவை மைனஸ் 15-லும் சோதிக்கிறார்கள். பனி உறையாத ஊருக்கு அது எதற்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில், முதல் ஷிப்டுக்காக பொம்மசந்திராவுக்குக் கிளம்புகிறவர் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் ஆயில் மேலேறி கேம் ஷாஃப்டை நனைக்க வேண்டும். கெட்டி ஆயில் அங்கே போய்ச்சேரத் தாமதமாகும். தேய்மானத்தில் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான். போதாததற்கு மைலேஜும் குறையும்.

அப்படியானால் வெயில் பொருட்டே இல்லையா? காருக்கும் லாரிக்கும் அவ்வளவாக இல்லை. ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சூட்டை ஓர் எல்லைக்குள் பிடித்துவைக்கின்றன. காற்றில் குளிரும் பைக்கின் நிலை வேறு. மே மாத மதியம், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வரை லாரிகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்தால் சிலிண்டரின் ஃபின்களில் காற்றே படாது. ஆயில் சூடேறிக்கொண்டே போகும். கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் உயரம் குறைந்து வெயில் இன்னும் ஏறும். கையேடே வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு தரங்களைச் சொல்லியிருந்தால், இப்படி ஓட்டுகிறவர் கோடைக்குக் கெட்டியானதைத் தாராளமாக எடுக்கலாம். ஒரே தரத்தைச் சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம்.

என் கவலை வேறொன்று. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்கள் அரைத்து அரைத்து, சூட்டில் ஆயில் இளகாமல் காக்கும் பாலிமரையே துண்டாக்கிவிடும். கெட்டியாக ஊற்றிய ஆயிலும் நாள்பட நீர்த்துப்போகும். ஆக, தரத்தை ஒரு படி ஏற்றிவிட்டு மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடுவதைவிட, சொன்ன தரத்தை ஊற்றிச் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவதே இன்ஜினைக் காக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

அடுத்த வாரம்: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றலாமா?