சுவருக்குள் ஒரு காடு, சுவரின்றி ஓர் ஏரி

முன்னுரை

அம்பத்தூரில் வாழ்வோர்க்கு ‘எஸ்டேட்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவன பேருந்து நிறுத்தமும், தொழிற்கூடங்களும், மாலை நேரத்தில் பணி முடிந்து திரளும் தொழிலாளர் கூட்டமுமே ஆகும். 1960களில் உருவான தொழிற்பேட்டை அச்சொல்லைத் தனக்கே உரிமையாக்கிக் கொண்டுவிட்டது. ஆயின் சென்னையின் பழைய வரலாற்றில் அதே சொல் வேறொரு காட்சியைக் குறித்தது. நெடிய மதில், உள்ளே பல ஏக்கர் பரப்பில் மரங்கள், அவற்றின் நடுவே ஒரு மாளிகை என்பதே அக்காட்சி. நவாபுகளும் ஆளுநர்களும் வணிகர்களும் தமக்கென அமைத்துக்கொண்ட இத்தகைய தோட்டங்கள் பல இன்று இல்லை. எஞ்சிய ஒரு சிலவே நகரத்தார் காலாற நடப்பதற்கு உரிய இடங்களாக விளங்குகின்றன.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் வாழ்வோர் ஒரு விடுமுறை நாளில் எளிதாகச் சென்று நடந்து வரத்தக்க சோலைகளையும் தோட்டங்களையும் அறிமுகம் செய்வது இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள் சில நிலைத்தமைக்கும் சில மறைந்தமைக்கும் உரிய காரணத்தை ஆராய்வது அதன் உள்நோக்கம்.

பழந்தமிழர் கண்ட சோலைகள்

கா, பொழில், சோலை, தண்டலை, நந்தவனம் எனத் தமிழில் மரக்கூட்டத்தைக் குறிக்கும் சொற்கள் பல. இச்சொல்வளம் தமிழர் மரங்களோடு கொண்டிருந்த உறவின் அளவுகோல் எனலாம். எனினும் எல்லாச் சோலைகளும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. மணிமேகலையில் மலர் கொய்யப் புறப்படும் மணிமேகலையிடம், புகார் நகரத்துச் சோலைகளுள் எதற்குச் செல்லலாம், எதற்குச் செல்லலாகாது என்பதைச் சுதமதி ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறாள். இலவந்திகைச் சோலை அரசனுக்கும் அவன் சுற்றத்தார்க்கும் உரியது; ஆதலின் அங்குச் செல்வது தகாது. இறுதியில் அவர்கள் செல்வது உவவனம் என்னும் சோலைக்கே.

அரசனுக்குரிய சோலை, மக்கள் செல்லத்தக்க சோலை என்னும் இவ்விரு வகையையும் மனத்திற்கொண்டு சென்னையை நோக்கினால் பல செய்திகள் விளங்கும்.

பூ வளர்த்த ஊர்

நம் பயணத்தைப் பூவிருந்தவல்லியிலிருந்தே தொடங்குவோம். ஊர்ப் பெயரிலேயே பூவைக் கொண்ட ஊர் இது. இவ்வூரில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் அமைத்து, அங்கு மலர்ந்த பூக்களைக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளுக்குக் கொண்டு சென்று தொண்டு செய்தார் என்று வைணவ மரபு கூறும். நடை என்பது உடற்பயிற்சி மட்டுமன்று, அன்பின் வெளிப்பாடாகவும் அமையலாம் என்பதற்கு அவ்வரலாறு சான்றாகும். அதே ஊரில், கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லாவின் காலத்தில், 1653-ஆம் ஆண்டில் எழுந்த பள்ளிவாசலும் உள்ளது. சென்னைக்கு மேற்கே, காஞ்சி செல்லும் பெருவழியில் அமைந்த இவ்வூர் பல சமயத்தார் வந்து தங்கிய இடமாக விளங்கியதை இவ்விரண்டும் ஒருசேர உணர்த்துகின்றன. இன்று நெடுஞ்சாலையின் இரைச்சலே ஊரின் முதல் அடையாளம். பூவைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு நிலத்தில் இழந்த ஊர்களுள் இதுவும் ஒன்று.

மறைந்த தோட்டங்கள்

ஆவடியிலோ அம்பத்தூரிலோ புறநகர் மின்தொடர் வண்டியில் ஏறிச் சென்னை சென்ட்ரலுக்கு வருவோர் இறங்கும் இடம் மூர் மார்க்கெட் வளாகமாகும். 1900-இல் திறக்கப்பட்டுப் பழைய நூல்களுக்குப் பெயர்பெற்று விளங்கி, 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது. அதற்கும் முன்னர் அங்கு இருந்தது எது? மக்கள் பூங்கா! ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் தொடங்கிவைத்த அப்பூங்கா நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. குளங்களும் நடைபாதைகளும் கொண்டது. நகரின் விலங்குக் காட்சிச் சாலையும் நெடுங்காலம் அதனுள்ளேயே இருந்தது. பின்னர் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் எனக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக அதன் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. விலங்குகள் 1985-இல் வண்டலூருக்கு இடம் மாறின. இன்று ‘பூங்கா நகர்’ என்னும் பெயர் நிற்கிறது; பூங்கா பெரும்பாலும் இல்லை. நாள்தோறும் அங்கு வந்திறங்கும் புறநகர் மக்களுள் எத்துணைப் பேர் தாம் ஒரு பூங்காவின் மீது நடப்பதை அறிவர்?

பொதுமக்களுக்குத் திறந்திருந்த தோட்டம் அழிந்தது. அவ்வாறாயின் மதில் சூழ்ந்த தோட்டமேனும் தப்பியதா? ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் எழுப்பிய அரண்மனையைச் சுற்றி ஏறத்தாழ 117 ஏக்கர் நிலம் மதிலுக்குள் இருந்தது. கடைசி நவாப் 1855-இல் மறைந்த பின் அவ்வரண்மனை ஆங்கில அரசின் கைக்கு மாறியது. அத்தோட்டத்தில் அலுவலகங்களும் பிற கட்டடங்களும் எழுந்தன. அண்ணா சாலையில் இருந்த உம்தா பாக் என்னும் தோட்டம் கல்வி நிலையங்களின் வளாகமாயிற்று. ‘பாக்’ என்னும் பாரசீகச் சொல் தோட்டத்தைக் குறிப்பது. அச்சொல் மட்டும் அங்கே எஞ்சியது. அதில் கல்வி வளர்ந்தது என்பது ஆறுதல் தரும் செய்தியே. ஆயினும் மதில் மட்டுமே ஒரு சோலையைக் காத்துவிடாது என்பது இதனால் புலனாகும்.

கிண்டிக் காடு

எஞ்சியவற்றுள் முதன்மையானது கிண்டி. சென்ட்ரல் எதிரே உள்ள பூங்கா நிலையத்தில் தாம்பரம் செல்லும் வண்டியில் ஏறிக் கிண்டியில் இறங்கலாம். மெட்ரோ வழியாகவும் செல்லலாம். பூவிருந்தவல்லியிலிருந்து போரூர் வழியே பேருந்தில் வரலாம்.

கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவர்க்கு உரியதாயிருந்த இத்தோட்டத்தை அரசு 1821-இல் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆளுநரின் ஓய்வு மாளிகைக்குரிய நிலமாக அது விளங்கியது. 1910-இல் அது காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்த அக்காடு, விடுதலைக்குப் பின் சிறிது சிறிதாகச் சுருங்கியது. 1950களின் இறுதியில் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும், பின்னர்ச் சில பகுதிகள் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பிற நிறுவனங்களுக்கும் சென்றன. எஞ்சிய 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே அச்சுருக்கம் நின்றது. பெருநகர் ஒன்றின் எல்லைக்குள்ளேயே அமைந்த தேசியப் பூங்கா என்பது இதன் தனிச்சிறப்பு. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் இதுவும் ஒன்று.

இக்காட்டின் இயல்பை அறிந்து செல்வது நன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் போன்ற உயர்ந்த மரங்களை இங்கே எதிர்பார்த்தல் கூடாது. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக் காடு இது. ஆண்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது; பின்னர் நெடிய கோடையைச் செடிகள் தாங்கியாக வேண்டும். அதனால் மரங்கள் குட்டையாகவும், இலைகள் சிறியனவாகவும் தடித்தும் அமைகின்றன. ஆயினும் அவை ஒருங்கே உதிர்வதில்லை. கோடையிலும் காடு பசுமை மாறாது நிற்கும். களாவும் காரையும் இலந்தையும் பனையும் இங்கே காணப்படும். புள்ளிமானும் வெளிமானும் நரியும் கீரியும் வாழ்கின்றன. நம் முன்னோர் ‘புதர்க்காடு’ என்று எளிதாகச் சொல்லிக் கடந்த நிலம் இவ்வாறு நெடுங்காலத் தழுவலின் விளைவாகும். ஒருமுறை வெட்டினால் மீண்டும் நட்டு எளிதில் உருவாக்க இயலாதது.

தேசியப் பூங்காவின் உட்பகுதியில் எவரும் விரும்பியவாறு நுழைய இயலாது. அதை ஒட்டிய சிறுவர் இயற்கைப் பூங்காவில் கட்டணம் செலுத்தி நடக்கலாம். 2024-இல் அது புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பெற்றது. முதியோரும் குழந்தைகளும் களைப்பின்றி நடக்கத்தக்க நிழற்பாதைகள் அங்கு உள்ளன. அருகிலேயே பாம்புப் பண்ணையும், காந்தியடிகள், இராசாசி, காமராசர் ஆகியோரின் நினைவிடங்களும் உள்ளன.

அடையாற்றுத் தோட்டம்

கிண்டியிலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் அடையாற்றை அடையலாம். பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1875-இல் நியூயார்க்கில் தோற்றுவித்த பிரம்மஞான சபை, 1882-இல் இங்கிருந்த ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கித் தன் தலைமையிடமாக்கிக்கொண்டது. அன்று 27 ஏக்கராக இருந்த அத்தோட்டம் இன்று ஏறத்தாழ 260 ஏக்கராக விரிந்துள்ளது. நகரின் ஏனைய தோட்டங்கள் சுருங்கிய அதே நூற்றாண்டில் இஃதொன்று வளர்ந்தது என்பது கருதத்தக்கது. ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்திருத்தலால் இங்கு எப்போதும் மெல்லிய காற்று வீசும்.

இத்தோட்டத்தின் புகழ்பெற்ற ஆலமரம் பல நூற்றாண்டு வயதுடையது. அதன் நிழலில் அன்னி பெசன்ட் அம்மையார் போன்றோரின் சொற்பொழிவுகளைப் பெருங்கூட்டம் அமர்ந்து கேட்டதுண்டு. 1989-இல் வீசிய புயற்காற்றில் அதன் நடுமரம் சாய்ந்தது. ஆயினும் விழுதுகள் ஊன்றி நின்றமையால் மரம் வாழ்கிறது. தந்தை தளர்ந்தபோது மக்கள் தாங்குவதை ஆலின் விழுதுக்கு ஒப்பிடுவது தமிழ் மரபு. அவ்வுவமையை இங்கே கண்ணாரக் காணலாம். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், புத்தர் ஆலயம் எனப் பல சமய வழிபாட்டிடங்கள் இம்மரங்களுக்கிடையே அமைந்துள்ளன. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயல் இங்கும் கிண்டியிலும் மிகுதியான மரங்களை வீழ்த்தியது. இது தனியார்க்குரிய வளாகமாதலின் பார்வையாளர் அனுமதிக்கப்படும் நாளையும் நேரத்தையும் முன்னரே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

நம் வாயிலில் ஓர் ஏரி

சோலையைத் தேடி இத்துணைத் தொலைவு செல்லும் நாம், நம் ஊரிலேயே இருப்பதை மறத்தல் ஆகாது. மேற்குப் புறநகரின் உண்மையான செல்வம் ஏரிகளே. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் இரட்டை ஏரிக்கும் நீர் செல்லுமாறு முன்னோர் அமைத்தனர். இவற்றுக்கு மதில் இல்லை, காவலாளர் இல்லை, கரை ஒன்றே எல்லை. உழவு நடந்த காலத்தில் ஊரார் அனைவரும் காவலராயிருந்தமையின் மதில் தேவைப்படவில்லை. வயல்கள் மனைகளாயின, நீரை நம்பியிருந்தோர் குறைந்தனர், காவலும் ஒழிந்தது. ஆக்கிரமிப்பும் கழிவுநீரும் உள்ளே புகுந்தன. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதை எதிர்த்துக் குடியிருப்போர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது.

இதற்கு மறுதலையான நற்காட்சியை ஆவடிப் பருத்திப்பட்டில் காணலாம். ஏறத்தாழ 87 ஏக்கர் பரப்புடைய அவ்வேரி தூர் வாரப்பட்டு, கரை உயர்த்தப்பட்டு, பறவைகள் தங்கும் திட்டுகளும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடைபாதையும் அமைக்கப்பெற்று 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. விடியற்காலையில் அங்கு நடந்தால் கூழைக்கடாக்களையும் நீர்க்காகங்களையும் காணலாம். ஒருமுறை சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். ஏற்ற இறக்கம் இல்லை. நடக்கப் பழகாதவர் தொடங்குவதற்கு இதனினும் ஏற்ற இடம் இல்லை.

நடப்போர்க்குச் சில குறிப்புகள்

மார்கழி முதல் மாசி வரையிலான காலம் நடைக்கு மிக ஏற்றது. கோடையில் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளல் நலம். பழகிய செருப்பு, குடிநீர், ஒரு தொப்பி இவை போதும். மான்களுக்கும் குரங்குகளுக்கும் உணவு அளித்தல் அறமன்று. அஃது அவற்றுக்கு நோயைத் தரும். நெகிழிப் பையை மான் தின்று மடிவதுண்டு. ஆதலின் கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வருதல் வேண்டும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஒரு நடைக்கு ஐந்து மரங்களின் பெயரையேனும் கற்பித்தல் சாலச் சிறந்தது. பெயர் தெரியாத மரம் வெட்டப்பட்டால் அதற்காக வருந்துவார் இலர்.

முடிவுரை

மேலே கண்டவற்றால் ஓர் உண்மை விளங்கும். மக்களுக்குத் திறந்திருந்த மக்கள் பூங்கா மறைந்தது. மதிலுக்குள் இருந்த சேப்பாக்கத் தோட்டமும் மறைந்தது. கிண்டி பாதியாகச் சுருங்கிய பின் சட்டத்தால் நின்றது. அடையாற்றுத் தோட்டம் உரியவர் பேணியமையால் நின்றது. ஆகவே ஒரு சோலையைக் காப்பது மதிலும் அன்று, திறந்த வாயிலும் அன்று. அதனைத் தமதெனக் கருதும் மனிதரே காவல். அத்தகைய காவலர் அரசருக்குரிய சோலைகளில் பணியமர்த்தப்பட்டனர். நம் ஏரிகளுக்கோ நாமே காவலராதல் வேண்டும்.

நாள்தோறும் கரையில் நடப்பவர் கண்ணுக்கு நேற்று இல்லாத மண்மேடு இன்று தென்படும். நேற்றுத் தெளிந்திருந்த நீர் இன்று நுரைத்திருப்பது தெரியும். அதைக் கண்டவர் நால்வர் கூடிப் பேசினால் அதுவே காவலின் தொடக்கமாகும். கிண்டிக்கும் அடையாற்றுக்கும் சென்று மரநிழலின் அருமையைக் கற்போம். கற்றதை நம் ஏரிக்கரைக்குக் கொண்டு வருவோம். பூங்கா நகரில் பெயர் மட்டும் எஞ்சியது போல, நாளை அம்பத்தூரில் ‘ஏரிக்கரை’ என்பது ஒரு தெருவின் பெயராக மட்டும் நின்றுவிடாதிருக்க நாம் இன்று நடப்பது கடன்.