சக்கரமும் சாலையும் – 14: பத்தாவது முறை மிதிக்கும்போது

காரை நிறுத்துவது பிரேக்கா, டயரா? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடுதான் முடித்திருந்தேன். பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் பிடிக்கிறது. சாலையைப் பிடித்துக் காரை நிறுத்துவது டயர். இது மனதில் பதிந்துவிட்டால் இன்றைய அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர் முதலில் பணம் போட நினைக்கும் ஒரு வேலையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். பழைய பிரேக் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதை மாட்டும் வேலை அது.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தின் கண்ணில் பட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய சின்னக் கார். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். முதல் மாடலில் 1.6 லிட்டர் எஞ்சின். முன் டிஸ்க்கின் விட்டம் 235 மில்லிமீட்டர், பின் டிஸ்க் 231. 1994 மாடலில் எஞ்சின் 1.8 லிட்டர் ஆனது. டிஸ்க்குகளும் முன்னால் 255, பின்னால் 251 என்று வளர்ந்தன. 2001-இல் ஸ்போர்ட் வகைக்கு முன்னால் 270, பின்னால் 276 வந்தது. வேகம் கூடக்கூட டிஸ்க்கையும் பெரிதாக்கியது கார் செய்தவர்களேதான். ஒரே குடும்பத்துக் கார் என்பதால் தம்பியின் பாகம் அண்ணனுக்கும் பொருந்துகிறது. 1.8-இன் டிஸ்க், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், டிஸ்க்கில் உரசும் பேடு மூன்றையும் வாங்கிப் பழைய 1.6-இல் மாட்டுவது அமெரிக்காவில் பல வருடங்களாக நடந்துவரும் வேலை.

அதனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்க, கலிபோர்னியாவில் இருக்கும் லகுனா செக்கா பந்தயத் தடத்துக்குப் போவோம். 3.6 கிலோமீட்டர் நீளம், பதினொரு வளைவுகள். கார்க்ஸ்க்ரூ என்று பெயர் பெற்ற எட்டாவது வளைவில் தரையே காலுக்குக் கீழிருந்து நழுவுவதுபோல் தடம் சட்டென்று பள்ளத்தில் இறங்கும். அங்கே ஒருவர் தன் 1.6 மாஸ்டாவை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் காருமாக எடை ஒரு டன். நேர்ப்பாதையில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன்னால் 72-க்குக் குறைக்கிறார். அந்த ஒரு மிதிக்கு வெளியேற வேண்டிய ஆற்றல் 600 கிலோஜூல். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். நம் வீட்டு அடுப்பு அதற்குப் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். இங்கே மூன்று விநாடிக்குள் அத்தனை வெப்பமும் நான்கு இரும்புத் தட்டுகளுக்குள் இறங்கியாக வேண்டும்.

அதுவும் சமமாக இறங்குவதில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்குகள்தான் பெரும்பங்கு உழைக்கும். பத்தில் ஏழு பங்கு முன்னால் போகிறது என்று வைத்தால், முன் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் 210 கிலோஜூல். நான்கு கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் அந்த ஒரே மிதியில் 110 டிகிரிக்கு மேல் சூடேறும். ஐந்து கிலோ டிஸ்க் என்றால் சுமார் 90 டிகிரி. மெல்லிய தோசைக்கல் சட்டென்று காய்ந்து தோசையைக் கருக்கிவிடும். கனமான கல் நின்று நிதானமாகச் சூடாகும். அதே வார்ப்பிரும்பு, அதே கணக்கு. ஒரு வளைவில் இந்த இருபது டிகிரி வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. நாலைந்து சுற்று முடிவதற்குள் பேடு தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிவிடும். மிதி கல்லுமாதிரி கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் கார் நிற்காது. இதைத்தான் ஃபேட் என்கிறார்கள்.

இதைவிடப் பயங்கரமான ஒன்றும் உண்டு. டிஸ்க்கின் சூடு பேடு வழியாக, காலிப்பர் பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி பஞ்சுமாதிரி தரைவரை இறங்கிவிடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஃபேட் ஆன பிரேக் கொஞ்சமாவது பிடிக்கும். ஆயில் கொதித்த பிரேக் கைவிட்டுவிடும்.

பெரிய டிஸ்க்கால் இரண்டு லாபம். ஒன்று, மேலே சொன்ன கனம். அதோடு காற்றுப் படும் பரப்பும் கூடுவதால் சீக்கிரம் ஆறும். மற்றொன்று நெம்புகோல் கணக்கு. சிறு வயதில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி விளையாடியவர்களுக்கு, சுற்றும் சக்கரத்தை ரிம்மில் உள்ளங்கையை வைத்து நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்று தெரியும். அதே அழுத்தத்தை அச்சுக்குப் பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள், நிறுத்தப் படாதபாடு பட வேண்டும். 235-இலிருந்து 255-க்குப் போகும்போது பேடு அச்சிலிருந்து தள்ளிப்போய் உட்காருகிறது. அதே கால் அழுத்தத்துக்கு ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடுதல் பிடி கிடைக்கிறது.

ஆனால் இதனால் அவசரமாக ஒரே ஒரு முறை மிதிக்கும்போது கார் முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. பழைய பிரேக்கே சக்கரத்தைச் சுழலவிடாமல் லாக் ஆக்கும் அளவுக்குப் பிடித்தது என்றால், தடையாக இருப்பது டயரின் பிடிதான். மேற்கொண்டு எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த எல்லை நகராது. பெரிய டிஸ்க்குக்குக் கொடுக்கும் காசு பத்தாவது மிதிக்காக, இருபதாவது மிதிக்காக. அந்த மிதியும் முதல் மிதிபோலவே இருக்க வேண்டும் என்பதற்காக. விற்பவர்கள் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்ததாக, முன்னும் பின்னும். மாஸ்டாவின் எண்களைத் திரும்பப் பாருங்கள். முன் டிஸ்க் வளர்ந்தபோதெல்லாம் பின் டிஸ்க்கும் கூடவே வளர்ந்திருக்கிறது. முன்னால் மட்டும் பெரிதாக்கினால், முன் சக்கரங்கள் சீக்கிரம் எல்லையைத் தொட்டுவிடும். பின் டயர்களின் பிடி பாதி உபயோகமாகாமலே கிடக்கும். பெரிய பிரேக் போட்டும் நிற்கும் தூரம் கூடிப்போகும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. பின்னால் மிஞ்சினால் இன்னும் ஆபத்து. பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் காரின் வால் முன்னால் வரப் பார்க்கும்; அந்த நொடியில் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்கத் தேர்ந்த கை வேண்டும். ஸ்போர்ட் வகையில் பின் டிஸ்க் 276, முன் டிஸ்க் 270 தானே, பின்னால்தான் அதிகப் பிடியோ என்று தோன்றலாம். இல்லை. பின் டிஸ்க் நடுவில் காற்றுவழி இல்லாத மெல்லிய தட்டு; அதன் காலிப்பர் பிஸ்டனும் சிறியது. விட்டத்தை மட்டும் பார்த்து பிரேக்கை எடைபோடக் கூடாது. பிஸ்டனின் பரப்பு, கால் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் அளவு எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. பெரிய பிஸ்டன் உள்ள காலிப்பரைப் போட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால், மிதி முன்பைவிட ஆழமாக இறங்கும்.

சக்கரத்தையும் பார்க்க வேண்டும். பழைய மாஸ்டாவின் 14 அங்குலச் சக்கரத்துக்குள் ஸ்போர்ட் வகையின் 270 டிஸ்க்கும் காலிப்பரும் அடங்காது. 15 அங்குலம் வாங்கினால் டயரும் மாற்ற வேண்டும். இன்னொன்று, டிஸ்க் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, கூடவே சுழலும் எடை. அங்கே ஏறும் ஒவ்வொரு கிலோவும் குழியில் விழுந்து எழும்போது சக்கரம் தரையைவிட்டு எகிறுவதில் தெரியும். எனவே தேவைக்கு மேல் பெரியது வேண்டாம்.

டிஸ்க்கின் அருமையை உலகுக்குக் காட்டியது பந்தயம்தான். 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வந்து ஜெயித்தது. எதிரிகளின் டிரம் பிரேக் சூட்டில் சோர்ந்துபோன இடத்தில், ஜாகுவாரில் அதே மிதியைத் திரும்பத் திரும்ப நம்பி மிதிக்க முடிந்தது. 1955-இல் டிரம் பிரேக்கோடு அங்கே வந்த மெர்சிடிஸ், டிஸ்க்குக்கு ஈடுகொடுக்க ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய காற்றுத்தடுப்பையே நிமிர்த்த வேண்டியிருந்தது.

துளை போட்ட டிஸ்க் பற்றியும் கேட்பீர்கள். போர்ஷே தன் 917 பந்தயக் காரிலிருந்து கொண்டுவந்த துளை டிஸ்க்கை 1978-இல் 911 டர்போவில் போட்ட பிறகு அது ஒரு அழகாகவே ஆகிவிட்டது. ஆனால் துளை என்றால் இரும்பு குறைகிறது; சூடேறி ஆறி, சூடேறி ஆறித் துளையின் ஓரத்தில்தான் விரிசல் விடத் தொடங்கும். பந்தயத் தடத்துக்குப் போகும் சின்னக் காருக்கு என் தீர்ப்பு, துளையில்லாத வழவழப்பான டிஸ்க்தான்.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் ஆயில். புதிய டாட்-4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்தபின் தாங்க வேண்டிய அளவு வெறும் 155. அடுத்தது நல்ல டயர், பிறகு சூடு தாங்கும் பேடு. பேடை மாட்டியதும் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல், மிதமான வேகத்திலிருந்து பல முறை பிடித்து, இடையிடையே ஆறவிட்டு டிஸ்க்கோடு பழக்க வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்த பேடு ஆறிக் கிடக்கும்போது சரியாகப் பிடிக்காது. அதை மாட்டிக்கொண்டு காலையில் காய்கறி வாங்கப் போகாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் தடத்தில் நாலாவது சுற்றில் மிதி மாறுகிறது என்றால், அப்போது 255-ஐ வாங்குங்கள். முன்னும் பின்னும் சேர்த்தே வாங்குங்கள்.

உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமல் இருக்கலாம். சாதாரணக் காராகவே இருந்தாலும், பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால், இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

(தொடரும்)